மனப்புண்ணுக்குச் சாட்சி கேட்கும் வல்லரசு

அமெரிக்கச் சிப்பாயின் மனநோயைப் பற்றித் தமிழ் வாரப் பத்திரிகையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். வியட்நாமியக் குடிசைகளுக்குத் தீ வைத்தவனுக்கும், ஈராக்கிலே நள்ளிரவில் வீட்டுக் கதவுகளை உதைத்துத் திறந்தவனுக்கும் நாம் கண்ணீர் வடிக்க வேண்டுமா என்பது அவர்தம் வினா. நியாயமான வினாதான். கண்ணீர் வடிக்க நாம் வரவில்லை. அவன் சுட்ட துப்பாக்கியின் மறுமுனையில் நின்ற உழவனுக்கு வாஷிங்டனின் எந்தக் காரியாலயத்திலும் ஒரு நாற்காலி போடப்படவில்லை என்பதை நாம் மறக்கவுமில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்கின்றோம். உலகிலே பெருஞ் செல்வம் படைத்த அரசு, தானே ஆயுதம் கொடுத்துத் தானே கப்பலேற்றி அனுப்பிய தன் சொந்த மைந்தனின் மனப்புண்ணையே “நிரூபித்துக் காட்டு” என்று கூண்டில் ஏற்றுமாயின், அரசுகள் மனப்புண்ணை எக்கண் கொண்டு நோக்குகின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எங்கே கிடைக்கும்? கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட போரின் வடுக்களை நெஞ்சிலே சுமந்து வாழும் ஒரு மக்கட் கூட்டம் அந்தப் பாடத்தைப் படித்திருப்பது நன்று.

நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் என்று இன்று வைத்தியர் கூறும் இந்த நோய், வைத்திய சாத்திரம் தானாகக் கண் விழித்துக் கண்டுகொண்டதன்று. முதலாம் உலகப் போரில் பதுங்கு குழிகளிலிருந்து நடுங்கிய கைகளுடனும் ஊமையாகியும் மீண்ட வீரர்களைப் பற்றி, 1915 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் எழுதினார். குண்டதிர்ச்சி என்னும் பெயர் அப்பொழுது வைத்திய ஏட்டில் ஏறியது. பெயர் ஏறியதால் யாருக்கு என்ன பயன்? ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியா அப்போரில் தன் படையினர் 306 பேரைத் தானே சுட்டுக் கொன்றது. அவருட் பலர் மனம் உடைந்த நோயாளர். அவர்களுக்கு மன்னிப்பு வழங்க அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு 2006 ஆம் ஆண்டு வரை அவகாசம் தேவைப்பட்டது!

அமெரிக்கக் கதை இன்னும் விந்தையானது. 1952 ஆம் ஆண்டில் அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கம் வெளியிட்ட முதலாவது நோய்க் கையேட்டில், பெரும் நெருக்கீட்டின் விளைவாக ஏற்படும் மனக்குலைவுக்கு ஓர் இடம் இருந்தது. 1968 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலே அந்த இடம் காணாமற் போயிற்று. 1968! ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் வியட்நாமில் நின்ற ஆண்டு அது. போர் உச்சத்தை அடைந்த அதே ஆண்டில், போரினால் வரும் நோய் புத்தகத்திலிருந்து மறைந்தது. தற்செயல் என்பார் என்று கொள்ளுக. நாம் தற்செயலாகவே நிகழ்ந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதனால் இழந்தவர் யார், இலாபம் அடைந்தவர் யார் என்று கேட்பது சட்டம் படித்தவனின் பழக்கம்.

அந்த நோயை மீண்டும் புத்தகத்தில் ஏற்றியவர்கள் போரை எதிர்த்த முன்னாட் படைவீரர்களே. 1970 அளவில் நியூயோர்க்கிலே அவர்கள் வட்டமாக அமர்ந்து தம் கனவுகளையும் நடுக்கங்களையும் ஒருவர்க்கொருவர் சொல்லத் தொடங்கினர். றொபேட் லிப்டன், ஹாயிம் ஷாற்றன் என்னும் இரு உளநோய் வைத்தியர் அவர்களுடன் அமர்ந்து கேட்டனர். பத்தாண்டு வாதாடிய பின்னரே, 1980 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் நோய் இன்றைய பெயருடன் இடம் பெற்றது. கொங்கிரஸ் 1983 இல் கட்டளையிட்ட பேராய்வின் முடிவு 1988 இல் வந்தபொழுது, வியட்நாமிற் பணியாற்றிய ஆடவரில் நூற்றுக்கு 15.2 பேர் அப்பொழுதும் அந்நோயுடன் வாழ்ந்தனர் என்று தெரிந்தது. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

சட்டத்தின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. முன்னாட் படைவீரனின் கோரிக்கையைத் திணைக்களம் மறுத்தால், அந்த மறுப்பை நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லும் வழி 1988 ஆம் ஆண்டு வரை அநேகமாக அடைபட்டே கிடந்தது. அவனுக்காகத் தோன்றும் சட்டத்தரணி பத்து டொலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1864 இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஒரு விதி செய்தார்கள். ஏழை வீரனைக் கொள்ளைக்காரரிடமிருந்து காக்கவே என்றார்கள். அக்காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் பத்து டொலர் பத்து டொலராகவே நூற்றிருபது ஆண்டுக்கு மேல் நின்றது. 1985 ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றமே அந்த வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞரைக் கூட்டி வராதே, நீதிபதியிடம் போகாதே, நாம் உனக்கு நல்லதே செய்வோம் என்பது தந்தை மகனுக்குச் சொல்லும் வார்த்தைபோல இனிக்கும். தந்தை பணப்பெட்டியின் திறப்பையும் தன் மடியிலேயே வைத்திருந்தார் என்பதை மட்டும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1988 இல் அச்சட்டம் மாறி, இக்கோரிக்கைகளுக்கெனத் தனி நீதிமன்றம் ஒன்று அமைந்தது. இன்றைய சட்டம் தாளிலே அழகானது என்பதை மறைக்க மாட்டோம். மூன்று பொருள் வேண்டும்: நோய் உண்டென்னும் வைத்திய நிர்ணயம், படைச் சேவையிலே நிகழ்ந்த நெருக்கீட்டுச் சம்பவம், இரண்டுக்கும் இடையே தொடர்பு. சாதகமும் பாதகமும் தராசில் ஏறக்குறைய ஒத்து நின்றால், சந்தேகத்தின் பலன் கோரிக்கையாளனுக்கே. நம் நீதிமன்றங்களிலே சந்தேகத்தின் பலன் குற்றவியல் எதிரிக்கு உண்டு. பணம் கேட்டு வரும் வழக்காளிக்கு உண்டென்று எந்த நீதவானும் சொல்லக் கேட்டதில்லை. அந்த வகையில் அமெரிக்கச் சட்டம் பெருந்தன்மை உடையது. ஆனால் சட்டம் பேசுவது புத்தகத்தில். வீரன் போவது ஒரு சிறிய அறைக்கு. அங்கே நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வருவது ஒரு கடிதம் அல்லது தொலைபேசி அழைப்பு. பெரும்பாலும் அது திணைக்களத்திடமிருந்து வருவதில்லை. திணைக்களத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் கம்பனி ஒன்றிடமிருந்து வரும். இப்பரிசோதனைகளிற் பெரும்பகுதியை இன்று அத்தகைய கம்பனிகளே நடத்துகின்றன. அறியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பைக் கண்டாலே உள்ளம் சுருங்குவதும், வெளியே செல்ல அஞ்சுவதும் இந்நோயின் இயல்பு. அந்த நோயாளனே அழைப்பை ஏற்று, குறித்த நாளில், குறித்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தக்க காரணமின்றிப் போகத் தவறினால், முதன் முதலாகச் செய்த கோரிக்கை கையிலுள்ள பத்திரங்களை மட்டும் கொண்டு தீர்மானிக்கப்படும்; வீதத்தை உயர்த்தக் கேட்ட கோரிக்கையாயின் நேரே தள்ளப்படும். நோயின் அடையாளத்தையே தண்டனைக்குக் காரணமாக்கும் விதியை வேறு எங்கு கண்டோம்? முடமானவனை மாடிப்படி ஏறி வந்து தன் முடத்தைக் காட்டச் சொல்வதற்கு இது ஒப்பாகும். வர இயலாதவன் உடனே அறிவித்து வேறு நாள் கேட்க வேண்டும் என்பதே அவனுக்கு முதலிற் சொல்லத் தக்க அறிவுரை.

அறையில் இருப்பவர் உளநோய் வைத்தியராகவோ உளவியலாளராகவோ இருப்பார். சில வேளை நேரில் அன்றித் திரையிலே தோன்றுவார். சந்திப்பு அரை மணியில் முடிவதும் உண்டு. மூன்று மணி நீள்வதும் உண்டு. இங்கே ஒரு பெரும் மயக்கம் நேர்கிறது. எதிரே இருப்பவர் வைத்தியர்; ஆகவே குணப்படுத்த வந்தவர் என்று வீரன் எண்ணுகிறான். அவர் மருந்து எழுத மாட்டார். மறுமுறை வரச் சொல்ல மாட்டார். அவர் கேட்பது அனைத்தும் ஓர் அச்சடித்த படிவத்தின் கட்டங்களை நிரப்புவதற்காக. சொன்ன ஒவ்வொரு சொல்லும் கோவையில் ஏறும். தீர்மானம் அவருடையதும் அன்று. அவர் நிரப்பிய படிவத்தைப் படித்து, வீரனின் முகத்தையே காணாத வேறொரு அதிகாரி வீதத்தைக் குறிப்பார். வைத்தியரின் அங்கியை அணிந்த சாட்சி விசாரணை இது என்று தெரிந்துகொண்டு உள்ளே போகின்றவன் பாதி பிழைத்தான்.

கேள்விகள் போரிலிருந்து தொடங்குவதில்லை. பிள்ளைப் பருவத்திலிருந்து தொடங்குகின்றன. தாய் தந்தையர் எப்படி? பாடசாலையிலே சண்டை உண்டா? பொலிசாரிடம் அகப்பட்டதுண்டா? குடும்பத்தில் வேறு எவருக்கேனும் மனநோய் உண்டா? அன்பாகக் கேட்பதாகவே தோன்றும். குறுக்கு விசாரணை செய்து பழகிய எவரும் அக்கேள்விகளின் போக்கை எளிதில் அறிவர். நோய்க்கு வேறொரு தகப்பன் கிடைப்பானா என்று தேடும் வினாக்கள் அவை. குடிகாரத் தந்தை ஒருவன் கிடைத்தால், ஃபலூஜா வீதியிலே சிதறிய தோழனின் உடல் பின்தள்ளப்படலாம். இதற்குச் சட்டத்திலே மறுமொழி உண்டு. சேவையிற் சேரும்பொழுது செய்த பரிசோதனையில் குறித்து வைக்கப்படாத நோய் எதுவும் அப்பொழுது அவனிடம் இல்லை என்றே கொள்ள வேண்டும். இருந்ததென்று மெய்ப்பிக்கும் பாரம் அரசினுடையது. ஆகையால் வீரன் தன் இளமையைப் பற்றிப் பொய் சொல்லத் தேவையில்லை. உள்ளதைச் சொல்லலாம். ஆனால் சேவைக்கு முன் தான் எப்படி உறங்கினான், எப்படிப் படித்தான், யாருடன் பழகினான் என்பதையும், பின்னர் எப்படி ஆனான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்னையது இல்லாமற் பின்னையது விளங்காது.

அடுத்தது சம்பவம். எப்பொழுது, எங்கே, என்ன நடந்தது? போர்க்களத்தில் நின்றவன் என்று பதிவு காட்டுமானால் அவன் வாய்மொழியே பெரும்பாலும் போதும். இந்தச் சலுகை 1941 ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தில் உள்ளது. ஆனால் லொறி ஓட்டியவன், சமையல் செய்தவன், பிணங்களைப் பெட்டியிலிட்டவன் ஆகியோர் நெடுங்காலமாகத் தம் சம்பவத்துக்குப் படைப்பதிவுகளிலே சான்று தேட வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் எந்தக் கணத்தில் நிலக்கண்ணி வெடிக்குமோ என்று ஓராண்டு அஞ்சி ஓட்டிய சாரதிக்கு எந்தப் பதிவேட்டில் அச்சம் எழுதப்பட்டிருக்கும்? 2010 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விதி திருத்தப்பட்டது. எதிரியின் தாக்குதல் பற்றிய அச்சமே காரணமாயின், அது அவன் பணியாற்றிய இடத்துக்கும் சூழ்நிலைக்கும் பொருந்துமாயின், அவன் சொல்லே போதும் என்றார்கள். நல்லது. ஆனால் உடனே ஒரு முடிச்சையும் போட்டார்கள்: அச்சம்பவம் நோய்க்குப் போதியது என்று திணைக்களத்தின் வைத்தியரோ, திணைக்களம் ஒப்பந்தம் செய்த வைத்தியரோ உறுதிப்படுத்த வேண்டும். ஐந்தாண்டு அவனுக்கு மருந்து கொடுத்து, அவன் அழுகையைக் கேட்ட சொந்த வைத்தியரின் சொல் இந்த ஒரு காரியத்துக்குச் செல்லாது. ஐம்பது நிமிடம் அவனைப் பார்த்த ஒப்பந்தக்காரரின் சொல் செல்லும்! எமது நீதிமன்றம் ஒன்றிலே இப்படி ஒரு சாட்சிய விதியைச் சொன்னால் நகைப்பார்கள்.

சம்பவத்தை அணு அணுவாக வருணிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காலம், இடம், நடந்தது, அப்பொழுது உண்டான அச்சம் என்னும் அளவு போதும். தொடர முடியாவிட்டால் நிறுத்தி மூச்செடுக்கலாம்; முன்கூட்டியே எழுதிய ஒரு தாளைக் கொண்டு போகலாம். நடுங்கினால் நடுங்குவதே அப்பொழுது உண்மை.

எல்லாவற்றிலும் பெரிய பொறி மூன்றாவது பகுதியிலே இருக்கிறது. உறக்கம் எப்படி? கனவு எத்தனை நாள்? மனைவியுடன் எப்படி? வேலைத்தலத்தில் எப்படி? இங்கேதான் வீரன் தன்னைத் தானே தோற்கடிக்கிறான். பதினெட்டு வயதிலிருந்து அவனுக்குப் பயிற்றியது என்ன? “நலம், ஐயா” என்று நிமிர்ந்து நின்று சொல்வதுதான். வைத்தியர் எப்படி இருக்கிறீர் என்று கேட்டதும் “பரவாயில்லை” என்கிறான். முதல் நாள் முகம் மழித்து, சட்டை அழுத்தி, மனைவி வாகனம் ஓட்ட வந்திருக்கிறான். படிவத்தில் என்ன எழுதப்படுகிறது? துப்புரவாக உடுத்தியிருந்தார்; ஒத்துழைத்தார்; தெளிவாகப் பேசினார். அத்தனையும் உண்மை. அந்த உண்மைகளைக் கொண்டே ஒரு பொய் கட்டப்படுகிறது. சுவரை நோக்கி முதுகு வைத்தே அவன் அந்த நாற்காலியைத் தெரிந்தெடுத்தான் என்பதையும், வரும் வழியிலே இருமுறை வண்டியை நிறுத்தச் சொன்னான் என்பதையும், நள்ளிரவில் மூன்றுமுறை கதவுத் தாளைச் சரிபார்த்தான் என்பதையும் அவன் சொல்லவில்லை. சொல்லாததைப் படிவம் அறியாது.

ஆகவே அவன் சொல்ல வேண்டியது நல்ல நாளின் கதையை மட்டும் அன்று. கெட்ட நாளின் கதையையும், அது மாதத்தில் எத்தனை முறை வருகிறது என்பதையும், வந்தால் என்ன முடியாமற் போகிறது என்பதையுமாம். சட்டம் அளப்பது துயரத்தை அன்று. வேலையும் உறவும் எவ்வளவு குலைந்தன என்பதை. வீதங்கள் ஆறு: 0, 10, 30, 50, 70, 100. நோய் உண்டு, தொல்லை இல்லை என்றால் சுழியம். வேலை, குடும்பம், சிந்தனை, மனநிலை ஆகிய பெரும்பாலான துறைகளிலே குறைபாடு என்றால் 70. 2025 ஆம் ஆண்டு விகிதப்படி, தனி ஆளுக்கு நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் 175.51 டொலர், 70 என்றால் 1,759.19, நூறு என்றால் 3,831.30. “சில வேளை”, “அடிக்கடி” என்னும் இரு சொற்களின் இடைவெளியிலே ஒரு வீட்டு வாடகை தொங்குகிறது. வீதம் 70 ஆக இருந்தும் நோயினாலே நிலையான தொழில் செய்ய முடியாதவன் நூறு வீதத்துக்குரிய தொகையைத் தனியாகக் கேட்கலாம் என்பதையும் பலர் அறியார். அறிவிப்பதில் யாருக்கும் அவசரம் இருப்பதாகவும் தெரியவில்லை.

குடியைப் பற்றிக் கேட்பார்கள். மறைக்கத் தேவையில்லை. குடியே முதல் நோயென்றால் அதற்குப் பணம் இல்லை. மனவடுவை மறக்கக் குடித்தான் என்றால் அந்தக் குடியும் மனவடுவின் பிள்ளை என்று 2001 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. தற்கொலை எண்ணத்தைப் பற்றியும் கேட்பார்கள். சொன்னால் அடைத்து வைப்பார்களோ, பிள்ளைகளைப் பிரிப்பார்களோ என்று அஞ்சிப் பலர் இல்லை என்கின்றனர். திட்டமும் நாளும் குறித்தவனுக்கே அது கணக்கில் வரும் என்று தீர்மானிக்கும் அதிகாரிகளும் நெடுநாள் எண்ணியிருந்தனர். வாழாதிருந்தால் நன்று என்னும் எண்ணம் மாத்திரமே 70 வீத வரிசைக்குரிய அடையாளம் என்று 2017 ஆம் ஆண்டிலே நீதிமன்றம் சொன்னது. அந்த எண்ணம் உள்ளவன் அதைப் பணத்துக்காக மட்டும் அன்றி உயிருக்காகவும் சொல்ல வேண்டும். அப்பரிசோதகரிடம் மட்டும் அன்றித் தன்னைக் குணப்படுத்தும் வைத்தியரிடமும் சொல்ல வேண்டும்.

படைக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் நிலையை இங்கே தனியே சொல்லாமல் விட முடியாது. பெண்கள் மட்டும் அல்லர், ஆண்களும் உளர். எதிரி சுட்டதற்குப் பதிவேடு இருக்கும். மேலதிகாரி செய்த கொடுமையை எந்த மேலதிகாரி பதிந்து வைப்பான்? முறையிட்டவளே தண்டிக்கப்பட்ட ஓர் அமைப்பிலே, முறைப்பாட்டுப் பத்திரத்தைக் கொண்டு வா என்று கேட்பது கொடுமையை இரண்டாம் முறை செய்வதாகும். விதி இதை ஒருவாறு உணர்ந்திருக்கிறது. பொலிஸ் அறிக்கையோ, வைத்தியசாலைத் துண்டோ, வீட்டுக்கு எழுதிய கடிதமோ, திடீரென இடமாற்றம் கேட்ட விண்ணப்பமோ, நன்றாக வேலை செய்தவளின் வேலை சட்டென்று கெட்டதோ, கருப்பப் பரிசோதனையோ எதுவும் சான்றாகலாம் என்கிறது. அத்தகைய சான்று உண்டென்று முதலிற் சொல்லாமல் கோரிக்கையை மறுக்கவும் கூடாது என்கிறது. நடந்தது என்ன? திணைக்களத்தின் சொந்தக் கண்காணிப்பாளர் நாயகமே 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். 2017 ஆம் ஆண்டின் ஆறு மாத காலத்தில் மறுக்கப்பட்ட இவ்வகைக் கோரிக்கைகள் ஏறத்தாழ 2,700. அவற்றுள் ஏறத்தாழ 1,300, அதாவது பாதிக்குச் சற்றே குறைவானவை, முறைப்படி கவனிக்கப்படவில்லை. பலருக்குப் பரிசோதனைக்கே நாட் குறிக்கப்படவில்லை. விதி எழுதிய கையும் அரசின் கை. விதியை மறந்த கையும் அரசின் கை.

இனி, எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வருவோம். இப்படியெல்லாம் முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தால் வீரர்கள் நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். பொதுப் பணம் கொள்ளை போகும் என்கின்றனர் அங்குள்ள பத்திரிகையாளர் சிலரும் அரசியலாளர் சிலரும். நடிப்பவர் இல்லை என்று நாம் சொல்லவில்லை. பணம் உள்ள இடத்தில் நடிப்பவர் உண்டு. அவர்களைப் பிடிக்கச் சோதனைகளும் உண்டு, தண்டிக்கச் சட்டமும் உண்டு. மிகைப்படுத்துகின்றவன் அந்தச் சோதனைகளிலே அகப்பட்டு, உள்ள நோயையும் இழப்பான் என்று வீரர்க்குச் சொல்வதும் நமது அறிவுரையின் ஒரு பாகமே. ஆனால் கேள்வித்தாளை ஒரு பக்கத்தார் மட்டும் அறிந்திருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நீதி? அந்தப் படிவமும் வீத அட்டவணையும் அரசு தானே அச்சிட்டு வெளியிட்ட பகிரங்கப் பத்திரங்கள். சாட்சியை உண்மை சொல்லத் தயார் செய்வது வேறு. பொய் சொல்லப் பழக்குவது வேறு. முதலாவதைச் செய்யாத சட்டத்தரணி தன் கடமையிலே தவறியவர்; இரண்டாவதைச் செய்பவர் சிறைக்குரியவர்.

கொள்ளை என்னும் சொல்லுக்கு உரியவர் வேறு சிலர் இருக்கின்றனர். முதற் கோரிக்கையைத் தயாரித்துக் கொடுப்பதற்கு எவரும் கூலி வாங்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்திலே அந்தக் குற்றத்துக்கான தண்டனை மறைந்து போயிற்று. தடை இருக்கிறது, பல் இல்லை. அந்த வெற்றிடத்திலே அங்கீகாரம் பெறாத கம்பனிகள் புகுந்து, வீரனின் எதிர்கால உயர்வை மாதக் கணக்கில் ஈடு வாங்கிக்கொள்கின்றன. அதே பணியை அங்கீகாரம் பெற்ற வீரர் சங்கங்கள் காசு வாங்காமற் செய்கின்றன. இதை விட்டுவிட்டு நடுங்குகின்றவனைப் பார்த்துக் கொள்ளைக்காரன் என்பதா?

அரசே நோயின் பெயரை மாற்றப் பார்த்த கதைகளும் ஏட்டிலே உண்டு. 2008 ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்து ரெம்பிள் நகரிலுள்ள திணைக்கள வைத்தியசாலையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வெளிவந்தது. நட்டஈடு கேட்போர் பெருகுவதால் மனவடு நோய் என்று உடனே நிர்ணயிக்காது, இலேசான வேறொரு பெயரைக் கருதுமாறு அது பணியாளருக்கு யோசனை கூறியது. அம்பலமானதும் திணைக்களம் அதைக் கைவிட்டது. 2012 ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்து மடிகன் இராணுவ வைத்தியசாலையிலே, முன்னரே நிர்ணயிக்கப்பட்ட மனவடு நோயை மறு ஆய்வுக் குழு ஒன்று நீக்கி வந்தது வெளியாயிற்று. ஒரு வீரனுக்கு வாழ்நாள் முழுவதும் ஆகும் செலவு 15 இலட்சம் டொலர் என்னும் கணக்கும் அங்கே வைத்தியர் கூட்டத்திற் பேசப்பட்டது. பின்னர் மறுபடி பரிசோதித்தபொழுது நூற்றுக்கு மேற்பட்டோருக்கு நோய் உண்டென்று திருப்பி எழுதினார்கள். வைத்தியர் நாடியைப் பிடிக்கும்பொழுது காசாளர் அருகே நின்றால், நாடி எப்படிப் பேசும்?

நம் நாட்டை ஒரு வாக்கியத்தில் மட்டும் தொடுவோம். 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டுக்கான அலுவலகத்தை இங்கே அமைத்தது. உடைந்த மனத்துக்கு இழப்பீடு கேட்டு அதன் வாசலுக்குச் செல்லும் தாய் ஒருத்தியிடம் யார், என்ன கேள்வியை, எந்த மொழியில், எந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்பார் என்பதை நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் எழுந்து கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

அமெரிக்க வீரனுக்கு அறையை விட்டு வந்த பின்னரும் வேலை இருக்கிறது. அன்றிரவே, மறக்கும் முன், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, என்ன கேட்டார், எதைக் கேட்கவே இல்லை என்று எழுதி வைக்க வேண்டும். மனைவியும், சகோதரனும், உடன் நின்ற தோழனும் தாம் கண்டதைத் தம் சொல்லிலே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். அக்காலத்து வைத்தியப் பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அத்தகைய சாட்சியத்தைத் தள்ள முடியாது என்று 2006 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. தீர்மானக் கடிதம் வந்ததும் பரிசோதகரின் அறிக்கைப் பிரதியைக் கேட்டுப் பெற வேண்டும். பலர் வீதத்தைப் பார்த்து அழுதுவிட்டுக் கடிதத்தை இலாச்சியில் போடுகின்றனர், அறிக்கையைப் படிப்பதேயில்லை. கோவையைப் பாராத பரிசோதகர், காரணம் கூறாத முடிவு, மனைவியின் கடிதத்தைத் தொடாத நிர்ணயம் ஆகியன அதிலே தெரியும். பரிசோதனை நடத்தப் புகுந்தால் அது போதியதாக இருக்க வேண்டும் என்பது 2007 ஆம் ஆண்டிலிருந்து இக்கோரிக்கைகளுக்கான தனி நீதிமன்றத்தின் நிலைத்த கொள்கை. 2019 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் மூன்று வழிகள் திறந்துள்ளன: புதிய சான்றுடன் மீண்டும் கேட்பது, மூத்த அதிகாரியின் மறு ஆய்வு, மேன்முறையீட்டுச் சபை. முதல் நாளிற் கிடைத்திருக்க வேண்டிய பணம் கையைவிட்டுப் போகாதிருக்க இவற்றுள் ஒன்றை ஓராண்டுக்குள் தொடங்க வேண்டும். அந்த ஓராண்டு கணக்கிடப்படுவது கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அன்று, கடிதத்தின் தலைப்பிலே இட்ட திகதியிலிருந்து.